புகை முழங்கும் ஊரில் மூன்று நாள்

பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு விடியற்காலை மழை என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. என் மனைவி முப்பத்திரண்டு ஆண்டுகள் வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மரம் வெட்டினாள். அப்படிப்பட்டவளை, இரவும் பகலும் மழை ஓயாத ஒரு காட்டுக்கு நான் அழைத்துப் போனேன். வாசக அன்பர்களே, அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்களுக்குத் திருமணமான புதிதில், லயத்து வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் ஒரு பெரிய நீர்வீழ்ச்சியின் படம். ஆப்பிரிக்காவில் உள்ள விக்டோரியா நீர்வீழ்ச்சி அது. "ஒரு நாள் போய்ப் பார்ப்போம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தோட்டத்து லாரி ஓட்டுபவன் சொல்லும் பேச்சா அது? அவளும் சிரித்துவிட்டு விட்டாள். ஆனால் மறக்கவில்லை.

நான் ஓய்வு பெற்றபின் அவளுக்கு முழங்கால் வலி கூடியது. நடப்பதாக இருந்தால் இப்போதே நடந்துவிட வேண்டும் என்ற நிலை. சேமநிதிப் பணத்தில் கைவைக்கத் துணிந்தேன். "அடுப்படிக் கூரை ஒழுகுது, இவருக்கு ஆப்பிரிக்கா கேக்குது" என்று உறவினர்கள் கேலி செய்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருந்தாலும் ஒரு ஏப்ரல் மாதம் புறப்பட்டுவிட்டோம்.

சிங்கப்பூரிலிருந்து ஜொகானஸ்பர்க், அங்கிருந்து இன்னொரு விமானம். ஜிம்பாப்வே நாட்டு எல்லையில், நீர்வீழ்ச்சியின் பெயரையே கொண்ட ஒரு சிறிய ஊர். விமானம் இறங்கும்போதே ஜன்னல் வழியாக, காட்டின் நடுவே வெள்ளைப் புகை எழுவதைக் கண்டோம். "யாரோ ஸ்டோர் புகைக்கூடத்துல விறகு போட்டாப்போல இருக்குங்க" என்றாள் அவள். அது புகையல்ல, நீர்த்திவலை. 20 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் அது தெரியும். அந்நாட்டு மக்கள் வைத்த பெயரே 'மோசி-ஓவா-துன்யா', அதாவது 'முழங்கும் புகை'. 1855 நவம்பர் 16ஆம் நாள் இதைக் கண்ட டேவிட் லிவிங்ஸ்டன்தான் தம் நாட்டு மகாராணியின் பெயரைச் சூட்டினார்.

எதையும் காணோம்!

மறுநாள் காலை வாசலில் மழைச்சட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தோம். சாம்பேசி ஆறு 1,708 மீட்டர் அகலத்துக்குப் பரந்து வந்து, ஒரு நீண்ட பிளவுக்குள் விழுகிறது. ஆழம் 108 மீட்டர் வரை. பத்துமலை முருகன் சிலையைப் போல் இரண்டரை மடங்கு! பிளவின் எதிர்க்கரையில் நடைபாதை. மேலே எழும் சாரல் திரும்ப மழையாகப் பெய்வதால், சுற்றிலும் வறண்ட நிலமாக இருந்தாலும் அந்தக் கரையில் மட்டும் அடர்ந்த மழைக்காடு.

நடுப்பகுதிக்கு வந்தோம். இரைச்சல் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எங்கும் வெள்ளைத் திரை. பின்னர்தான் புரிந்தது, மேற்பகுதியில் பெய்த மழைநீர் வந்து சேர்ந்து, ஏப்ரலில்தான் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். சாரல் அருவியையே மறைத்துவிடும். நாட்காட்டிப் படம் தண்ணீர் குறைந்த காலத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

எனக்குத் தொண்டை அடைத்தது. ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தில் வந்தது இந்த வெள்ளைத் திரையைப் பார்க்கவா? மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினேன். அவள் பக்கத்தில் இல்லை. சற்றுத் தள்ளி, மழைச்சட்டையின் தலைப்பகுதியை விலக்கிவிட்டு, முகத்தை மேலே தூக்கி நனைந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, இவ்வளவு மழை பெய்யுது, சம்பளம் போச்சேன்னு மனசு பதறலீங்க. இப்பத்தான் மழையே நல்லாத் தெரியுது" என்றாள்.

என்னால் பதில் பேச முடியவில்லை. அந்நேரம் காற்று திசை மாறியது. திரை விலகி, எதிரே மலையே உடைந்து விழுவதுபோல் தண்ணீர் தெரிந்தது. குறுக்கே இரட்டை வானவில். ஒரு நிமிடம்கூட இராது, மீண்டும் மூடிக்கொண்டது. அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பாலத்தின் மேல்

மூன்றாம் நாள், ஜிம்பாப்வேயையும் சாம்பியாவையும் இணைக்கும் பாலத்துக்குப் போனோம். ஆற்றுக்கு மேல் 128 மீட்டர் உயரத்தில், 1905இல் கட்டி முடித்த இரும்புப் பாலம். ரயில்மீது சாரல் தெறிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட செசில் ரோட்ஸ், அதைக் காணாமலே 1902இல் இறந்துபோனார். பாலத்தின் நடுவில், இளைஞர்கள் காலில் கயிறு கட்டிக்கொண்டு கீழே குதிக்கிறார்கள். "பெத்தவங்களுக்குத் தெரியுமா?" என்று கவலைப்பட்டாள் என் மனைவி.

போக நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரின் வேகத்தைக் காண வேண்டுமா, ஏப்ரலில் போங்கள். அருவியைத் தெளிவாகக் காண வேண்டுமா, ஆகஸ்டு வாக்கில் போங்கள். அக்டோபர், நவம்பரில் சாம்பியா பக்கம் வெறும் பாறையாகவும் இருக்கலாம். கடப்பிதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். குரங்குகள் பார்க்கும்படி ரொட்டியை வெளியே எடுக்காதீர்கள். எங்கள் பொட்டலம் ஒன்று அப்படித்தான் பறிபோனது.

எங்கள் அடுப்படிக் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. மழை வந்தால் வாளியை வைப்பது என் வேலை. அவளோ வாசலுக்குப் போய் நின்று, உள்ளங்கையை நீட்டி மழையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.