மிச்சத்தை மறவாத கணக்கு

பாடல் முடிந்து இசை மெல்லத் தேய்ந்து அடங்கும் இறுதி நொடிகளை உற்றுக் கேட்பது நம் நெடுநாள் வழக்கம். ஓங்கிய குரலை எந்தக் கருவியும் ஒருவாறு தந்துவிடும்; அடங்கும் ஒலியைத் தருவதிலன்றோ அதன் நேர்மை புலப்படும்!

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் இசை எண்களாக உறைந்திருக்கிறது. இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணும் 65,536 நிலைகளுள் ஒன்றைச் சுட்டும். அவ்வெண்களை மின்னலையாக்க, ஒன்றினும் ஒன்று இருமடங்கான 16 மின்னோட்டங்களைத் தேவைக்கேற்பக் கூட்டுவது பழைய முறை. அவற்றுள் மிகப் பெரியது தன் அளவில் இம்மி பிசகினும், அப்பிசகு மிகச் சிறியதையே விழுங்கிவிடும். ஒலியலை நடுக்கோட்டைக் கடக்குந்தோறும் அப்பெரியதே மாறவேண்டியிருப்பதால், மெல்லொலிதான் முதலில் பழுதுறும்.

இவ்விடர் தீர ஒரு வழி, ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே நிலைகளைக் கொண்டு மிக விரைவாக இயங்குவது. இதுவே ஒற்றை பிட் முறை. இரு புள்ளிகளை இணைப்பது எப்போதும் நேர்கோடே. ஆகவே அந்நிலைகள் சற்றுப் பிசகினும் ஒலியின் அளவு மாறுமேயன்றி வடிவம் கோணாது.

இரண்டே நிலைகளால் இடைப்பட்ட அளவுகளை உணர்த்துவது எவ்வாறு? 1962-இல் ஜப்பானியப் பொறியாளர்களான இனோசே, யசுதா, முரகாமி ஆகியோர் வெளியிட்ட டெல்ட்டா-சிக்மா முறை நம்மை வியக்கவைக்கும் விடையைத் தருகிறது. பத்தில் மூன்று என்னும் அளவு வேண்டும் எனக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் 3 சேர்ப்போம். 10 நிரம்பினால் ‘உண்டு’ எனச் சொல்லி, 10-ஐக் கழித்து, மிச்சத்தை அடுத்த முறைக்குக் கொண்டுசெல்வோம். 3, 6, 9 வரை ‘இல்லை’. 12 ஆனதும் ‘உண்டு’, மிச்சம் 2. இவ்வாறு நான்காம், ஏழாம், பத்தாம் முறைகளில் மட்டும் ‘உண்டு’ வரும். பத்தில் சரியாக மூன்று!

தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு விடையும் பிழையே. ஆயினும் மிச்சம் கைவிடப்படாமையால், அப்பிழை விரைந்த நடுக்கமாகி, மாந்தர் செவிக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் எல்லைக்கு மேல் பெரிதும் ஒதுங்கிவிடுகிறது. பின்னர் ஒரு வடிகட்டி அதை நீக்க, இசை எஞ்சுகிறது. 1980-களின் இறுதியில் பிலிப்ஸ் நிறுவனம் இம்முறையைக் குறுந்தகட்டுக் கருவிகளில் புகுத்தியபோது, எண்களை 256 மடங்காகப் பெருக்கி, நொடிக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட விடைகளைப் பிறப்பித்தது.

இதற்கும் எல்லை உண்டு. கருவியின் கடிகாரத் துடிப்பு சீராக இல்லையெனில் இசை கலங்கும். மேலும், இரண்டே நிலைகளைக் கொண்டு பிழையை இசையினின்று முற்றிலும் பிரித்துவிட இயலாது என்பதை லிப்ஷிட்ஸ், வாண்டர்கூய் என்னும் கனடா நாட்டு அறிஞர் இருவர் 2001-இல் எடுத்துக்காட்டினர். இன்றைய மாற்றிகள் பலவும் நிலைகளைச் சற்றுக் கூட்டிக்கொண்டன. மிச்சத்தை மறவாத கணக்கை மட்டும் கைவிடவில்லை.

எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் செவ்வையாக அமைவது அரிது. விடுபட்டதை நினைவில் வைத்து அடுத்த அடியில் ஈடுசெய்வது இயலும். இச்சிறு கருவி அதைத்தான் நொடிதோறும் செய்துகொண்டிருக்கிறது.