70 வளைவும் ஒரு படிச் சாமையும்

காரவள்ளி அடிவாரத்தில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் உள்ளே ஒரு பார்வை பார்த்து, "வாந்தி வர்றவங்க ஜன்னலோரம் மாறிக்குங்க. மேல 70 வளைவு இருக்கு. அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது" என்று பொது அறிவிப்புச் செய்தார்.

என்னிடம் ஒரு ஸ்மார்ட் போன், அதற்குத் தீனி போட ஒரு பவர் பேங்க், என் தூக்கத்தைக்கூடக் கணக்கெடுக்கும் கைக்கடிகாரம், வயரில்லாத இயர்போன் எல்லாம் இருந்தன. வாந்திக்கு மட்டும் ஒன்றும் இல்லை. பக்கத்து சீட்டுப் பெரியவர் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். மோந்துகொண்டே ஏறினேன். சார்ஜ் போடத் தேவையில்லாத கருவி!

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. மேலே போனால் 1,000 மீட்டருக்கு மேல் உயரம். மிளகு, காபி, பலா, அன்னாசி என்று வழியெல்லாம் மணக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கினால் ஆகாய கங்கை அருவி. இறங்குவது ஆனந்தம். ஏறும்போது குலதெய்வம் வரை எல்லாரும் ஞாபகத்துக்கு வருவார்கள்.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் குதிரைமேல் சிலையாக நிற்கிறான். ஆடி 18-இல் அவனுக்கு விழா. 'கொடுப்பது' என்ற விஷயத்தில் இந்த மலைக்குப் பழைய பழக்கம் உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

பாதி வளைவிலேயே போனில் சிக்னல் போய்விட்டது. செம்மேட்டில் இறங்கி ஒரு சிற்றூருக்கு நடக்கத் தொடங்கியபோதும் அதே கதை. ஆனாலும் போனில் ஒரு மேப் மட்டும் சமர்த்தாக வழி காட்டியது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். ஊரிலேயே இறக்கி வைத்திருந்தேன். நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ். வானத்திலிருந்து வருகிறது, அதற்கு டவர் வேண்டாம். 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் ஆரம்பித்த வேலை இது. உலகம் முழுக்க இருக்கும் சாதாரண ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த தெருவை, ஒற்றையடிப் பாதையை வரைந்து சேர்க்கிறார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். நான் நடந்த மண்பாதையை எந்தப் புண்ணியவான் வரைந்தானோ!

ஊரில் ஒரு கொட்டகைக்குள்ளிருந்து கடகடவென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். மோட்டார், பெல்ட், சல்லடை, மேலே தானியம் கொட்டும் வாய். எல்லாம் வெட்டவெளிச்சமாக இருந்தது. சாமையின் உமி நீக்கும் மிஷின். பக்கத்தில் முறத்தோடு ஓர் ஆயா.

"என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க? மிஷினு பாத்ததில்லையா?"

"ரிப்பேரானா என்ன பண்ணுவீங்க ஆயா?"

"பெல்ட்டு போனா பையனே மாட்டிருவான். சல்லடை தேஞ்சா கீழ லேத்துப் பட்டறையில குடுத்து அடிச்சுக்குவோம்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. போன மாதம் என் இயர்போனில் ஒரு காது செத்துப்போய், கடைக்கு எடுத்துப் போனேன். பையன் கையில்கூட வாங்கவில்லை. "தொறக்க முடியாது சார். பசை போட்டு ஒட்டியிருக்கு. புதுசு வாங்கிக்குங்க" என்றான். என் காசில் வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க எனக்கே அனுமதியில்லை. ஆயா கதை அப்படியில்லை.

இதே எரிச்சல்தான் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கும் வந்தது. எம்.ஐ.டி.யில் ஒரு லேசர் பிரின்ட்டரில் அடிக்கடி பேப்பர் சிக்கிக்கொள்ளும். புரோகிராமைக் கொஞ்சம் மாற்றினால் சமாளிக்கலாம். ஆனால் அதன் மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983-இல் அவர், யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருள்களை எழுதும் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைக் கொண்டுவந்தார். இன்று ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் இருப்பது அந்த லினக்ஸ்தான். கண்டக்டர் பாக்கெட் உட்பட!

இங்கே வசிப்பவர்களை 'மலையாளிகள்' என்பார்கள். "கொல்லிமலையில மலையாளிங்களைப் பாக்கப் போறேன்" என்று நான் புறப்பட்டபோது, "அப்ப நேந்திரம் சிப்ஸ் வாங்கிட்டு வாங்க" என்றாள் என் மனைவி. கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், அதனால் மலையாளி. இவர்கள் சாமை, தினை, கேழ்வரகில் எத்தனையோ ரகங்களைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, சுருட்டைக் கேழ்வரகு... பெயரைக் கேட்டாலே பசிக்கிறது.

நடுவில் மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கைக் காசு கொடுத்து வாங்கின. சாமையையோ மணிக்கணக்கில் உரலில் குத்த வேண்டும். யார்தான் குத்துவார்கள்? சாமைக் காடுகள் சுருங்கின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இங்கே வேலையைத் தொடங்கி, விதை வங்கிகளையும் உமி நீக்கும் மிஷின்களையும் கொண்டுவர உதவியது. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியபோது நகரத்தில் நாமெல்லாம் கண்டுபிடித்த சாமையை, ஆயாக்கள் என்றைக்குமே தொலைத்ததில்லை.

"வெதையெல்லாம் எங்க ஆயா வைப்பீங்க?"

"அந்தக் காலத்துல தொம்பையில கெடக்கும். இல்லாதவங்க வந்து ஒரு படி வாங்கிட்டுப் போவாங்க. அறுத்ததும் கொஞ்சம் கூடச் சேத்துக் குடுத்துருவாங்க. இப்ப வெதை வங்கியிலயும் அதேதான்."

"பூட்டி வச்சுக்கிட்டா என்ன?"

ஆயா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பூட்டி வச்சா மக்கிப்போவும் தம்பி. நாலு பேரு காட்டுல இருந்தா, எங்காட்டுல காஞ்சாலும் இன்னொருத்தர் காட்டுல மொளைக்கும்."

ஸ்டால்மன் பக்கம் பக்கமாக எழுதிய ஜி.பி.எல். உரிமத்துக்கு இதைவிடச் சுருக்கமான உரை கிடையாது. எடுத்துக்கொள், மாற்றிக்கொள். மாற்றியதை ஊருக்குக் கொடுத்தால் மூலத்தையும் சேர்த்துக் கொடு. அவ்வளவுதான். விதை விஷயத்தில் நம் நாட்டிலே சட்டமே இருக்கிறது. 2001-இல் வந்த பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, விவசாயி விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பாதுகாக்கப்பட்ட ரகத்தை பிராண்ட் போட்டு விற்பதற்கு மட்டும் தடை.

'பூட்டி வச்சா மக்கிப்போவும்' என்றது எனக்கு எங்கோ சுருக்கென்று தைத்தது. சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா தமிழ் வாத்தியார். ஓய்வுபெற்ற பிறகு, 1996-இல், கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு தன் வாழ்க்கைக் கதையை 40 பக்கம் ஒற்றை விரலால் டைப் அடித்தார். அன்றைக்குத் தமிழ் எழுத்துருவில் கம்பெனிக்கு ஒரு கணக்கு. ஒருத்தருடைய 'க' இன்னொருத்தருக்குக் கேள்விக்குறி. 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடித்தான் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது. அப்பா வாங்கிய எழுத்துருவின் கம்பெனி அதற்குள் காணாமல் போயிருந்தது. 2003-இல் அப்பாவும் போய்விட்டார். ஃபைல் மட்டும் பத்திரமாக இருக்கிறது. திறந்தால் ஒரே கொக்கியும் புள்ளியும்! மக்கிய விதை.

மலையிறங்கி வந்ததும் உட்கார்ந்தேன். பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றும் திறந்த மூல நிரல்களைத் தன்னார்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவின் எழுத்துரு அதில் இல்லை. ஆனால் உள்ளே திறந்து பார்க்க முடிந்தது. இது பசை போட்டு ஒட்டாதது ஆயிற்றே! அப்பா பிரின்ட் எடுத்த ஒரே ஒரு பக்கம் வீட்டில் இருந்தது. அதையும் ஃபைலையும் பக்கத்தில் வைத்து, எந்தக் கொக்கிக்கு எந்த எழுத்து என்று பதினோரு ராத்திரி அட்டவணை போட்டேன். 'ஔ' மட்டும் கிடைக்கவில்லை. முதல் பக்கத்தில் ஔவையார் வரவில்லை போலிருக்கிறது. அட்டவணையை அந்த நிரலை எழுதியவர்களுக்கே அனுப்பினேன். வாங்கியதற்கு என் பங்கு, ஒரு பிடிச் சாமை.

ஏன் ஒரே ஒரு பக்கம் மட்டும் பிரின்ட் எடுத்தார் என்பது இத்தனை வருஷமும் எனக்குப் புரியவில்லை. இரண்டாம் பக்கம் திறந்ததும் மேலே முதல் வரி:

'நேற்று ஒரு பக்கம் அடிப்பதற்குள் ரிப்பன் தீர்ந்துவிட்டது. பையனிடம் கேட்க வேண்டும். அவன் பிஸி.'