முதலில் தாத்தாவுக்கு

ஆகாய விமானம் கிளம்புவதற்கு முன்னால் பணிப்பெண் ஒருத்தி நடைபாதையில் நின்றுகொண்டு, கையை நீட்டியும் மடக்கியும் ஓர் அபிநயம் பிடிக்கிறாள் அல்லவா? அதை நான் ஒரு நாளும் பொருட்படுத்திப் பார்த்தவன் அல்ல. கல்யாண வீட்டு மந்திரத்தைப் போல அது பாட்டுக்கு அது நடக்கும், நாம் பாட்டுக்குப் பத்திரிகை படிக்கலாம் என்பது என் சித்தாந்தம். 2017-ஆம் வருஷம் மே மாதத்தில் அந்தச் சித்தாந்தத்தைக் கைவிட நேர்ந்தது.

என் பேரனுக்கு அப்போது ஆறு வயது. சென்னையிலிருந்து டில்லிக்கு அழைத்துச் சென்று அவன் தாயாரிடம் ஒப்புவிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. புறப்பட்டு ஒரு மணி நேரம் இருக்கும். தலைக்கு மேலே காற்று வரும் துவாரத்தின் சீற்றம் ஓய்ந்தது. காது அடைத்தது. விமானத்தின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்தது. சற்றைக்கெல்லாம் மேற்பலகைகள் 'படார்' என்று திறக்க, மஞ்சள் கிண்ணங்கள் எங்கள் முகத்துக்கு நேரே ஊசலாடின.

விமானம் பறக்கும் முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய கால் பங்குதான். குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக்கும் மேல். ஆகையால், என்ஜின்கள் அமுக்கிய காற்றில் ஒரு பகுதியை எடுத்து, குளிரவைத்து, உள்ளே செலுத்துகிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதகமண்டலத்திலோ அதற்குச் சற்று மேலோ இருப்பது போலத்தான் தோன்றும். அந்த ஏற்பாடு அடியோடு தவறினால், அவ்வளவு உயரத்தில் மனிதனுக்குத் தெளிந்த புத்தி அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரையில்தான். இதில் கொடுமை என்னவென்றால், மூச்சு முட்டுவதே தெரியாது. புத்தி மங்குகிறது என்பதை அறிய வேண்டிய புத்தியே மங்கிவிடுகிறது!

2005-ஆம் வருஷம் ஆகஸ்டு 14-ஆம் தேதி, சைப்ரஸ் தீவிலிருந்து ஆதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் கம்பெனி விமானத்தில் இதுதான் நடந்தது. காற்றழுத்தத்தைக் கவனிக்கும் விசை, தானாக இயங்கும் நிலையில் இல்லாமல் கையால் இயக்கும் நிலையில் விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒலி எழுந்தும், விமானிகள் அதை வேறொரு கோளாறின் ஒலி என்று எண்ணினார்கள். 121 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இதெல்லாம் பின்னால் படித்தறிந்தது. அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் இருந்த குழந்தைதான். என் கை அவனுடைய கிண்ணத்தை நோக்கியே போயிற்று. அது கயிற்றில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. காலி ஆசனமொன்றில் தொப்பென்று உட்கார்ந்து, தன் முகமூடியை அணிந்துகொண்டிருந்த பணிப்பெண் என்னைப் பார்த்துவிட்டாள். பேச முடியாதபடியால், முதலில் தன் முகத்தைச் சுட்டினாள். பிறகு என்னைச் சுட்டினாள். அதற்கப்புறம் குழந்தையைச் சுட்டினாள். அதே அபிநயம்! இந்தத் தடவை கண் கொட்டாமல் பார்த்தேன். என் கிண்ணத்தை இழுத்து மாட்டிக்கொண்டேன்.

அந்தச் சில விநாடிகள் பேரன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குச் சக்தி இல்லை. பிறகு அவனுக்கும் மாட்டினேன். பை உப்பவில்லையே என்று சைகை காட்டி அழுதான். உப்பாவிட்டாலும் பிராணவாயு வரும் என்பதையும் அந்தப் பெண்ணே தலையசைத்துத் தெரிவித்தாள்.

அந்தப் பிராணவாயு ஏறக்குறைய பன்னிரண்டு நிமிஷத்துக்குத்தான் காணும். அதற்குள் விமானி பத்தாயிரம் அடிக்கு இறங்கியாக வேண்டும். இறங்கினார். நாகபுரியில் தரை தட்டியபோது யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் மௌனமாக இருந்தார்கள். காற்று அனுப்பும் கருவிகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டதாக, வாசலில் நின்ற விமானி, ஏதோ குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது போலச் சாவதானமாகச் சொன்னார். அவருடைய சட்டை மட்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் டில்லி போய்ச் சேர்ந்தோம். பேரன் தன் தாயாரிடம் முதன்முதலாகச் சொன்ன சமாசாரம் இதுதான்: "அம்மா! தாத்தாதான் முதலில் போட்டுக்கொண்டார்!"

என் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காது கேளாதவன் போல் இருந்துவிட்டேன். வாஸ்தவத்தில் காது இன்னமும் அடைத்துத்தான் இருந்தது.