பாடகரின் பக்கத்துக் கதிரை என்ன விலை?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது கடைசி வரை வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கொமண்ட் போட வேண்டாம் என்பது எங்கள் அன்பான வேண்டுகோள்.

இரண்டு கிழமையாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கதைதான். பாடசாலையின் விசேட கல்விப் பிரிவுக்கு நிதி சேர்க்க, பெயர் தெரிந்த ஒரு பாடகரை அழைத்து, இராச் சாப்பாட்டில் அவருக்குப் பக்கத்துக் கதிரைகளை ஏலம் விடலாம் என்று பழைய மாணவர்களில் சில தம்பிமார் யோசனை சொன்னார்கள். சொல்லி முடிய முன்னமே சண்டை தொடங்கிவிட்டது. "ஒருத்தரோட படம் எடுக்கக் காசு குடுக்கிறது என்ன ஸதகா?" என்று ஒரு பக்கம். "நீங்க தாறதும் இல்ல, சேர்க்கிறவன விடுறதும் இல்ல" என்று மறு பக்கம்.

ஆசிரியர் ஓய்வறையில் நாங்கள் நாலைந்து பேர் இதைப் பற்றி இடைவேளை இடைவேளையாகப் பேசினோம். பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம். இசை கூடுமா கூடாதா என்ற மஸ்அலா உலமாக்களுடையது. அதற்குள் நாங்கள் போகவில்லை. நாங்கள் பார்ப்பது ஏலத்தை.

முதலில், இந்தத் தம்பிமார் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பிரபலமான ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பை நற்பணிக்காக ஏலம் விடுவது மேற்கு நாடுகளில் வெகு சாதாரணம். பிபிசி வானொலி 2, சிறுவர் நிதிக்காக நேயர்களிடம் நடத்திய ஏலத்துக்கு "பணத்தால் வாங்க முடியாதவை" என்று பொருள்படும் பெயரையே வைத்திருந்தது. பணத்தால் வாங்க முடியாததைப் பணத்துக்கு விற்கிறார்கள் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் விஷயம் அதுதான். கடையில் இல்லாத பொருள் என்பதால்தான் ஏலம்.

இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கு நெருக்கமான ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த க்ளே எய்க்கன். பல்கலைக்கழகத்தில் விசேட கல்வி படித்தவர். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்தவர். அப்படி அவர் பார்த்துக்கொண்ட ஒரு பிள்ளையின் தாய் டயன் பூபல். "நீ பாட்டுப் போட்டிக்குப் போ" என்று அவரை உந்தியவர் அந்தத் தாய்தான். 2003இல் 'அமெரிக்கன் ஐடல்' இரண்டாவது பருவத்தின் இறுதிச் சுற்றில் அளிக்கப்பட்ட 24 மில்லியன் வாக்குகளில் சுமார் 134,000 வாக்குகளால் தோற்று இரண்டாமிடம் வந்தார். தோற்ற ஆள்தான். ஆனால் அதே ஆண்டு வந்த அவருடைய முதல் இசைத்தட்டு முதல் வாரத்திலேயே 6 இலட்சத்துக்கு மேல் விற்றது.

பெயரும் காசும் வந்த அதே 2003இல் அந்தத் தாயும் அவரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அதன் நோக்கம், விசேட தேவையுடைய பிள்ளைகளைத் தனியாக ஒதுக்கி வைக்காமல், மற்றப் பிள்ளைகளோடு ஒரே முகாமில், ஒரே விளையாட்டில் சேர்ப்பது. ரசிகர்கள் அந்த அறக்கட்டளையைத் தங்கள் சொந்த வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள். கச்சேரிக்குப் பிறகு அவரைச் சில நிமிடங்கள் சந்திக்கும் வாய்ப்பு இணையத்தில் ஏலத்துக்கு வரும். ரசிகர்கள் போட்டி போட்டுக் கேட்பார்கள். கிடைப்பது ஒரு கைலாகு, ஒரு படம், ஒரு கையொப்பம். காசு பிள்ளைகளுக்கு.

பாடகர் இல்லாத ஏலங்களும் உண்டு. பெரும் பணக்காரர் வாரன் பஃபெட்டுடன் ஒரு பகல் சாப்பாடு 2000ஆம் ஆண்டு முதல் ஏலம் விடப்பட்டது. சன் பிரான்சிஸ்கோவில் வீடற்றவர்களுக்கும் பசித்தவர்களுக்கும் உதவும் க்ளைட் என்ற அமைப்புக்காக. அதை அவருக்கு அறிமுகப்படுத்தியது அங்கே தொண்டு செய்த அவருடைய மனைவி சூசன். முதல் ஆண்டில் ஏலம் போனது 25,000 டொலருக்கு. 2022 ஜூனில் ஏலம் போனது 19 மில்லியன் டொலருக்கு. அதுவரை எல்லா ஆண்டுகளும் சேர்த்து 53 மில்லியன் டொலர் அளவில் அந்த அமைப்புக்குப் போனது. அந்த ஜூன் மாதம் நாங்கள் எங்கே நின்றோம் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோல் வரிசையில். ஒரு சாப்பாட்டுக்கு 19 மில்லியன் டொலர் என்ற செய்தியைப் படித்தபோது எங்களுக்கு வந்தது ஆச்சரியமா, கோபமா என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி. நம் ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பிறகு ஏலம் விட்டதே இல்லையா? யாரோ நிய்யத்து வைத்துக் கொண்டுவந்த சேவல், வாழைக்குலை, முதல் காய்ப்புத் தேங்காய். நூறு ரூபா தேங்காய் ஐயாயிரத்துக்குப் போகும். எடுத்தவர் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவும் மாட்டார். "பள்ளிக்கே இருக்கட்டும், திரும்ப விடுங்க" என்பார். அதே தேங்காய் மூன்று பேரிடம் விலை போகும். அங்கே யாரும் "இது தேங்காயின் விலையா?" என்று கேட்பதில்லை. எல்லோருக்கும் விளங்கும்.

ஏலம் நம் மார்க்கத்துக்கும் அந்நியமானதல்ல. அபூதாவூத் முதலிய கிரந்தங்களில் வரும் ஒரு சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். அறிவிப்பாளர் வரிசை பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு என்றாலும் மிம்பரில் அடிக்கடி கேட்டதுதான். அன்சாரிகளில் ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கேட்டார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும். அவற்றைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு திர்ஹத்துக்குக் கேட்டவருக்கு மேலே யார் தருவார் என்று கேட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒன்று குடும்பத்தின் உணவுக்கு. மற்றதற்குக் கோடரி. அந்த மனிதர் விறகு வெட்டி விற்று, பதினைந்து நாளில் பத்து திர்ஹத்தோடு வந்தார்.

அந்தச் சம்பவத்தில் எங்கள் கண்ணில் படுவது கோடரிதான். ஏலத்தில் யார் வென்றார் என்பது கதையில் பெரிதல்ல, அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. காசு என்னவாக மாறியது என்பதுதான் கதை.

அதே மார்க்கம் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகத் தடுத்தும் இருக்கிறது. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றி விடுவதற்காகக் கேட்பது. நஜ்ஷ் என்பார்கள். நிதி சேர்க்கும் இரவுகளில் இது சர்வ சாதாரணமாக நடக்கிறது. ஏற்பாட்டாளரின் கூட்டாளி ஒருவர் பின்வரிசையில் இருந்து ஏற்றிக்கொண்டே போவார். நல்ல காரியத்துக்குத்தானே என்பார்கள். நல்ல காரியத்துக்காக ஒருவரை ஏமாற்றலாம் என்று எந்த வகுப்பில் நாங்கள் படிப்பித்தோம்?

இனி ஒரு சின்னக் கணக்கு. தரம் 8 பிள்ளைகளுக்கே விளங்கும்.

பாடகரின் பக்கத்துக் கதிரைக்கு மூன்று பேர் கேட்கிறார்கள். ஒருவரால் அதிகபட்சம் 10,000 ரூபா தர முடியும். இன்னொருவரால் 18,000. மூன்றாமவர் 50,000 வரை தரத் தயார். ஏலம் எங்கே நிற்கும்? 50,000இல் அல்ல. இரண்டாமவர் 18,000இல் வாயை மூடியதும் மூன்றாமவர் 18,500 சொல்லி எடுத்துவிடுவார். ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பவர் வென்றவர் அல்ல, கடைசியாகத் தோற்றவர். மூன்று பேரிடமும் சேர்த்து 78,000 ரூபா மனசு இருந்தது. பிள்ளைகளுக்கு வந்தது 18,500. தோற்ற இருவரும் ஒரு சதமும் கொடுக்காமல், மனம் சுருங்கி வீட்டுக்குப் போவார்கள்.

இதுதான் ஏலத்தின் குறை. காசுள்ள ஒருவரிடம் மட்டும் வாங்குகிறது. கொஞ்சம் உள்ள பலரை வெறும் பார்வையாளர் ஆக்கிவிடுகிறது. கச்சான் விற்கிற நானாவும், வீட்டில் இடியப்பம் அவித்து விற்கிற ராத்தாவும் அந்த மண்டபத்தில் என்ன செய்வார்கள்? கைதட்டுவார்கள். ஆனால் இந்தப் பாடசாலைக்கு மதில் கட்டியபோது கல் சுமந்தவர்கள் அவர்கள்தான்.

அப்படியானால் ஏலமே வேண்டாமா? நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் 2004 டிசம்பர் 26.

கடல் வந்து போன பிறகு நம் கரையோரத்தில் எத்தனை பாடசாலைகளில் மேசை கதிரை இல்லை, கொப்பி இல்லை, சில வகுப்புகளில் பாதிப் பிள்ளைகளே இல்லை. அந்த நாட்களில் யுனிசெஃப் பெட்டிகளில் வந்த கொப்பியிலும் பென்சிலிலும்தான் பிள்ளைகள் திரும்ப எழுதத் தொடங்கினார்கள். மேலே சொன்ன அதே பாடகர் யுனிசெஃப் தூதுவராக 2005 மார்ச்சில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேவுக்குப் போனார், சுனாமியில் தப்பிய பிள்ளைகளின் படிப்புக்காக. நம்மைப் போலவே கடல் அடித்த, நம்மைப் போலவே பாங்கு கேட்கிற ஊர் அது. அவருடைய ரசிகர்களில் எத்தனையோ பேர் ஆச்சே என்ற பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டிருப்பார்கள்.

நமக்கு வந்த கொப்பிக்குக் காசு கொடுத்தவர் யார்? என்ன நிய்யத்தில் கொடுத்தார்? யாரோடாவது படம் எடுக்கக் கொடுத்தாரா, பெயர் வரக் கொடுத்தாரா? நாங்கள் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை. ஈரம் காயாத வகுப்பறையில் பிள்ளைகள் எழுதினார்கள். கொடுத்தவரின் உள்ளம் அல்லாஹ்வுக்கும் அவருக்கும் இடையிலானது. வெளிப்படையாகக் கொடுத்தாலும் நல்லது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் இன்னும் சிறந்தது என்ற அளவில் குர்ஆனே வாசலைத் திறந்து வைத்திருக்கும்போது, நாம் ஏன் வாசலில் நின்று நிய்யத்தைச் சோதிக்க வேண்டும்?

ஆனால் இத்தனை நாள் குழுக்களில் நடந்த சண்டையில் ஒரு தரப்பின் குரல் வரவேயில்லை. அந்தப் பிள்ளைகளின் வீட்டுக் குரல். அவர்களில் ஒரு உம்மா, தினமும் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து விட்டுப் போகிறவர், எங்களிடம் கேட்டார்: "ஸேர், அந்த மேசையில எங்கட புள்ளைக்கும் ஒரு கதிர வைப்பீங்களா? இல்லாட்டி மேடையில ஏத்திக் காட்டிட்டு அனுப்பிருவீங்களா?"

எங்களில் யாருக்கும் உடனே பதில் வரவில்லை. கூடுமா கூடாதா என்று நாம் இரண்டு கிழமை வாதாடியதில் இந்தக் கேள்வி ஒரு தடவைகூட வரவில்லையே.

பார்த்திருப்பீர்கள். நிதி சேர்க்கும் இரவென்றால் பிள்ளைகளை மேடையில் நிறுத்துவார்கள். மெல்லிய இசை போடுவார்கள். சனம் கண்ணைத் துடைக்கும், பேர்ஸைத் திறக்கும். பிறகு பிள்ளைகளை வானில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெரியவர்கள் சாப்பிட உட்காருவார்கள். எந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளக் காசு திரட்டினோமோ, அந்த இரவிலேயே அவர்களை வெளியே விட்டுவிடுகிறோம். டயன் பூபல் என்ற தாயும் ஒரு பாடகரும் அறக்கட்டளை தொடங்கியது இதற்கு எதிராகத்தான்.

ஆகவே தம்பிமாருக்கும் பெரியவர்களுக்கும் எங்கள் யோசனை இதுதான். உலமாக்கள், அதிபர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எல்லோரும் இருந்து பேசி முடிவு எடுங்கள். பாடகராக இருக்கட்டும், கிரிக்கெட் வீரராக இருக்கட்டும், நல்ல காரிஆக இருக்கட்டும், யாரை அழைத்தாலும் இவற்றைக் கவனியுங்கள்:

ஏலத்தில் பொய்க் கேள்வி ஒன்றுகூட வேண்டாம். அன்றிரவே எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லித் தொடங்குங்கள்.

ஏலத்தோடு ஓர் உண்டியலும் வையுங்கள். தோற்றவர்கள் மனசில் இருந்ததை அதில் போடட்டும். ஐம்பது ரூபா கொண்டுவருபவருக்கும் அங்கே ஓர் இடம் இருக்க வேண்டும்.

கடன் பட்டு, நகை அடகு வைத்து யாரும் கேட்க வேண்டாம். முக்கியமாக இளம் பிள்ளைகள். ரசிப்பு நல்லதுதான், வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு அல்ல.

வந்த காசு எவ்வளவு, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போனது எவ்வளவு, என்ன வாங்கினோம் என்பதைப் பாடசாலை அறிவித்தல் பலகையிலும் பள்ளிவாசலிலும் ஒட்டுங்கள். கோடரி எங்கே என்று ஊர் பார்க்கட்டும்.

கடைசியாக, விருந்தாளியின் இரண்டு பக்கத்துக் கதிரைகளில் ஒன்றை மட்டும் ஏலம் விடுங்கள். மற்றது அந்தப் பிரிவில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு. சாப்பாடு முடியும் வரை.

இந்தக் கடைசி விஷயத்தை அந்த உம்மாவிடம் சொன்னோம். "அவன் சத்தம் போடுவான் ஸேர்" என்றார். போடட்டும் என்று சொல்லியிருக்கிறோம். ஊர் என்ன சொல்கிறது? கீழே எழுதுங்கள், வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கும் வாருங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருடைய அமல்களையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.