பெயில்ஸ் இல்லாத ஸ்டம்ப்

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கினால் ஸ்டம்ப் மேல் பெயில்ஸ் நிற்காது. குன்றத்தூர்–ஸ்ரீபெரும்புதூர் சாலையை ஒட்டிய மைதானத்துக்கு நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், வைக்க வைக்க விழுந்தன. நடுவர் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார். "பெயில்ஸ் வேணாம் தம்பி, ரெண்டு பக்கமும் எடுத்துடறேன். பால் ஸ்டம்புல பட்டுச்சா இல்லையான்னு நான் பார்த்துச் சொல்றதுதான்."

இது அவராகச் செய்துகொண்ட ஏற்பாடு இல்லை. எம்.சி.சி.யின் கிரிக்கெட் விதிகளில் எட்டாவது விதி நடுவர்களுக்கு அந்த உரிமையைத் தருகிறது. பெயில்ஸ் விழுந்தால் மைதானமே பார்க்கும். அதை எடுத்துவிட்டால் சாட்சி முழுக்க ஒரே ஆளின் கண்ணுக்குப் போய்விடுகிறது.

அன்று ஆடியவர்கள் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள். சி ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, தூங்காமல் நேராக வந்தவர்களும் உண்டு. டென்னிஸ் பந்து, எட்டு ஓவர், நாக்-அவுட். எல்.பி.டபிள்யூ. கிடையாது. நடுவரும் வெளியாள் இல்லை, வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளர். "அங்க ஓகேவா ரிஜெக்டான்னு கேஜ் சொல்லிடும். இங்க கேஜே நான்தான் சார்" என்றார். அவருடைய வலது பாக்கெட்டில் ஆறு எம்8 நட்டு இருக்கும். ஒரு பந்து முடிந்தால் ஒரு நட்டு இடது பாக்கெட்டுக்குப் போகும். வைடு, நோ-பால் என்றால் நட்டு நகராது.

நடுவரின் திறமை கண்ணில் இருப்பதாகத்தான் எல்லோரும் பேசுகிறோம். பக்கத்திலிருந்து பார்த்தால் அது காலில் இருப்பது தெரியும். பேட்ஸ்மேன் அடித்துவிட்டு ஓடக் கிளம்பியதுமே இவர் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டில் ஓடி, க்ரீஸ் கோட்டுக்கு நேராக வந்து சட்டென்று நின்றுவிடுகிறார். "சாய்வா நின்னா வெளிய இருக்கிற பேட்டும் உள்ள இருக்கிற மாதிரி தெரியும். ஓடிக்கிட்டே பார்த்தா பார்வை ஆடும். நின்னுதான் பார்க்கணும்."

பேஸ்பால் நடுவருக்கு இதே சிக்கல் முதல் பேஸில் வருகிறது. ஓடி வருபவரின் கால் பேஸில் படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், பந்து கிளவுஸில் விழும் சத்தத்தைக் காதால் பிடிக்க வேண்டும். எது முந்தியதோ அதுதான் தீர்ப்பு. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் ஜிம் ஜாய்ஸ் என்ற அனுபவமிக்க நடுவர் அந்தக் கணத்தைத் தவறவிட்டார். பந்து வீசிய அர்மாண்டோ கலராகா வரிசையாக 26 பேரை வெளியேற்றியிருந்தார். 27ஆவது ஆளும் போனால் ஓர் ஆள்கூட பேஸைத் தொடாத 'பெர்ஃபெக்ட் கேம்'. ஜாய்ஸ் 'சேஃப்' என்றார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்ததும், தப்பு தன்னுடையது என்று அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் தீர்ப்பு மாறவில்லை. 2014இல்தான் அங்கே இப்படிப்பட்ட தீர்ப்புகள் வீடியோ மறுஆய்வுக்குள் வந்தன.

குன்றத்தூரில் காதையும் முழுசாக நம்ப முடியாது. கார்க் பந்து பேட்டின் விளிம்பில் பட்டால் 'டக்' என்று கேட்கும். டென்னிஸ் பந்து மெத்தென்று உரசிக்கொண்டு போகும், அந்நேரம் பார்த்துச் சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும். கீப்பர் துள்ளிக் குதித்து அப்பீல் செய்த ஒரு பந்துக்கு இவர் தலையை மட்டும் அசைத்தார். "பால் திசை மாறலையே தம்பி. சந்தேகம்னா பேட்ஸ்மேனுக்குத்தான்."

இரண்டாவது ஆட்டத்தின் கடைசி ஓவரில் பெரிய தகராறு வந்தது. பந்து வீச ஓடி வந்த பையன், தூக்கிய கையை இறக்கி, பந்தாலேயே ஸ்டம்பைத் தட்டினான். எதிர்முனைக்காரன் அதற்குள் வெளியே போயிருந்தான். பேட்டிங் டீம் மொத்தமும் உள்ளே ஓடி வந்தது. "வார்னிங் குடுக்கலையேண்ணா!"

வார்னிங் கொடுக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் அஸ்வின் ஜோஸ் பட்லரை இப்படி வெளியேற்றியபோது நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. 2022 அக்டோபரில் எம்.சி.சி. இதை முறையற்ற ஆட்டம் பற்றிய 41ஆவது விதியிலிருந்து எடுத்து, ரன் அவுட் பற்றிய 38ஆவது விதியில் சேர்த்தது. அப்போதும் ஒரு முடிச்சு மிஞ்சியது. பந்து கையை விட்டு வெளியேறும் என்று வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய கணம் வரைதான் இப்படி அவுட் செய்யலாம். அந்தக் கணம் எது? 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஜாம்பா இப்படிச் செய்தபோது, கை உச்சியைத் தாண்டிவிட்டது என்று நாட்-அவுட் கொடுத்தார்கள். அதன் பிறகே, கை உச்சிக்கு வருகிற கணம்தான் எல்லை என்று எம்.சி.சி. தெளிவாக எழுதியது.

நம் நடுவர் சத்தம் போடவில்லை. ஃபீல்டிங் கேப்டனைப் பார்த்து, "அப்பீல் பண்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்பீல் இல்லாமல் அவுட் இல்லை. வேண்டாமென்று நினைத்தால் விட்டுவிட அவனுக்கும் அது ஒரு வாய்ப்பு. கேப்டன் யோசித்துவிட்டு, "ஆமாண்ணா" என்றான். விரல் உயர்ந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றிக் கேட்டேன். "அவன் கை தோள் உயரம்கூடப் போகல. பால் ஸ்டம்புல பட்டப்போ பேட் வெளிய இருந்துச்சு. ரெண்டையும் பார்த்தேன்." அவர் பார்க்க வேண்டியது அது மட்டும் இல்லை. சாதாரணமாக அந்த நேரத்தில் அவர் கண், வீசுபவரின் முன்னங்கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று தரையில் இருக்க வேண்டும்.

2019 மார்ச் 28, பெங்களூர் ஐ.பி.எல். ஆட்டத்தின் கடைசிப் பந்தில் மலிங்காவின் கால் தாண்டியதை, அன்று ஐ.சி.சி.யின் எலைட் குழுவில் இருந்த ஒரே இந்தியரான சென்னை எஸ். ரவி கவனிக்கவில்லை. இது ஒன்றும் கிளப் கிரிக்கெட் இல்லை என்று கோலி கொதித்தார். 2020 முதல் முன்னங்காலைப் பார்க்கிற வேலை டி.வி. நடுவருக்குப் போய்விட்டது. மேலே ஒருவரின் வேலையைப் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள், கேமராவும் கூடவே நிற்கிறது. அந்த வேலை அத்தனையும் இங்கே இன்னமும் ஒரு ஜோடிக் கண்ணின் மேல் கிடக்கிறது. அதனால் 'கிளப் கிரிக்கெட்' என்பதை வசவாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஆளுயரக் கோப்பை, ரொக்கப் பரிசு, சாலை நெடுக ஃபிளெக்ஸ் என்று எல்லாவற்றுக்கும் பணம் இருக்கிறது. நடுவருக்குப் பெட்ரோல் காசும் ஒரு பிரியாணிப் பொட்டலமும்தான். அந்த ஃபிளெக்ஸில் ஒன்றைக் குறைத்தாலே தேர்வு எழுதித் தேறிய இரண்டாவது நடுவரைக் கூப்பிட முடியும். இதை அவரிடம் சொன்னபோது, சம்பளத்தைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

"பேட்டிங் டீம் பையனை லெக் அம்பயரா நிறுத்துறாங்களே, முதல்ல அதை விடணும் சார். ஸ்டம்பிங் அவுட்டுன்னு அவனுக்கே நல்லாத் தெரியும். ஆனா கையைத் தூக்க மாட்டான். தூக்கினா ராத்திரி அதே ரூமுக்குத்தானே போகணும்?"