குடும்ப நோயை மறைக்கலாமா?



வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் எங்கள் மாமியார் வீடு இருக்கிறது. மாமியார் தம் 46ஆம் வயதில் மார்பகப் புற்றுநோயால் வஃபாத்தானார்கள். அவர்களுடைய தங்கையோ 41ஆம் வயதில் சினைப்பைப் புற்றுநோயால் மறைந்தார்கள். இரண்டு ஜனாஸாக்களையும் அடக்கம் செய்த குடும்பம், ஒன்றை "நெடுநாள் காய்ச்சல்" என்றும் மற்றொன்றை "வயிற்றுக் கட்டி" என்றும் ஊராரிடம் கூறியது. வீட்டில் நிக்காஹ் ஆகாத பெண்கள் இருந்தார்கள். நோயின் பெயர் தெரிந்தால் சம்பந்தம் பேச எவர் வருவார் என்ற அச்சமே காரணம். அந்த மறைப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு.

கடந்த ஆண்டு எங்கள் இல்லத்தரசியின் தங்கைக்கு மார்பில் கட்டி தோன்றியது. குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்ததா என்று மருத்துவர் வினவினார். "யாருக்கும் இல்லை" என்று அவர் விடையளித்தார். அப்படிச் சொல்லப் பழக்கியவர்கள் நாங்கள்தாம். மூன்றாம் சந்திப்பில்தான் உண்மை வெளிவந்தது. மரபணுச் சோதனை செய்ததில் பிஆர்சிஏ1 என்னும் மரபணுவில் குறை இருப்பது தெரிந்தது.

மதரஸாவில் ஹிஃப்ழ் மாணவன் ஓதும்போது உஸ்தாத் எதிரே அமர்ந்து செவிமடுக்கிறார். ஓரெழுத்து பிசகினாலும் நிறுத்தித் திருத்துகிறார். நம் உயிரணுக்களிலும் இத்தகைய திருத்தம் இடையறாது நடைபெறுகிறது. வெயிலாலும் புகையிலையாலும் உடலின் இயல்பான வேதிமாற்றங்களாலும் டிஎன்ஏ நாள்தோறும் சிதைகிறது. சில மரபணுக்கள் அச்சிதைவைச் செப்பனிடுகின்றன. இதன் வழிமுறைகளை ஆராய்ந்த மூவருக்கு 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான அஸீஸ் சன்ஜார், துருக்கியின் சவூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர்.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகிய இரண்டும் டிஎன்ஏவின் இரு இழைகளும் அறுந்துபோகும்போது செப்பனிட உதவுபவை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு மரபணுவும் இரு படிகளாக நமக்கு வருகின்றது. ஒரு படி பிறவியிலேயே குறையுடையதாயின், வகுப்பில் ஓர் உஸ்தாத் மட்டுமே எஞ்சியிருப்பதற்கு ஒப்பாகும். ஏதேனும் ஓர் உயிரணுவில் அந்த மற்றொரு படியும் கெட்டுவிட்டால், பிழைகள் திருத்தப்படாமல் குவிந்து புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும். இக்குறையுடைய பெண்களில் ஏறத்தாழ 10 பேரில் 7 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. குறையுடைய எல்லோருக்கும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. புற்றுநோய்களில் 100க்கு 5 முதல் 10 வரையே மரபுவழி வந்தவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இது மேலைநாட்டார் நோயென எண்ண வேண்டா. குடும்பத்தில் இந்நோய் இருந்த தென்னிந்திய நோயாளிகள் 61 பேரை ஆராய்ந்து 2009இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களுள் 17 பேரிடம் பிஆர்சிஏ குறை காணப்பட்டது. அந்த 17 பேரில் 10 பேருக்கு ஒரே குறைதான்: பிஆர்சிஏ1 மரபணுவில் இரண்டே இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தன.

எங்கள் மைத்துனர், "இது பெண்களின் நோய், எனக்கென்ன?" என்றார். ஆணும் இக்குறையைச் சுமப்பான். தன் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதை அளிக்கும் வாய்ப்பு அவனுக்கும் சரிபாதி. அவருக்கு இரண்டு பெண்மக்கள் இருக்கிறார்கள்.

"எல்லாம் கத்ரு, சோதித்து என்ன பயன்?" என்று வினவுவோரும் உளர். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதை அறிந்த உமர் (ரழி) அவர்கள், அங்கே செல்லாமல் படையுடன் திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுவதா எனக் கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்வதாக விளக்கினார்கள். அறிந்துகொள்வதும் விதிக்கு உட்பட்டதே.

எங்கள் இல்லத்தரசியும் சோதித்துக்கொண்டார். அதே குறை அவரிடமும் இருந்தது. சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றும் அறுவைச் சிகிச்சை ரமழானுக்கு முன் முடிந்தது. அவருடைய தங்கை சிகிச்சையில் இருக்கிறார். எங்கள் மகளுக்கு வயது 22. சோதனை செய்துகொள்வதா, எப்போது என்பதை அவளே முடிவுசெய்வாள். குறை இருப்பின், 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ படம் எடுத்துக் கண்காணிக்கலாம். தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.

உங்கள் குடும்பத்தில் இளவயதிலேயே மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோயால் எவரேனும் பாதிக்கப்பட்டிருந்தால், தாய்வழி, தந்தைவழி இரண்டையும் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நம் புதுச்சேரி ஜிப்மரிலேயே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. மருத்துவர் கேட்கும் முதற்கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

மகளைப் பெண் கேட்டு ஒரு குடும்பத்தார் சென்ற மாதம் வந்தனர். இம்முறை மகளின் சம்மதத்துடன் எல்லாவற்றையும் கூறிவிட்டோம். அவர்கள் அவகாசம் கேட்டுச் சென்றிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. "வராவிட்டாலும் பரவாயில்லை அத்தா, பாட்டியைப் போல ஒளிந்து சாக வேண்டியதில்லை" என்றாள் மகள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தை வழங்குவானாக. ஆமீன்.