சர்க்கார் ஆபீசுக்கு ஒரு குறும்படம்

2017ல பிக் பாஸ் முதல் சீசன் ஓடின அத்தனை நாளும் எங்க கோட்டைக்குப்பம் வீட்டுல ராத்திரி சாப்பாடு லேட்டுதான். சித்தப்பா தவறி அஞ்சு மாசம் ஆகியிருந்த நேரம். சித்திக்குக் கொஞ்சம் ஆறுதல்னா அந்த டிவிதான். நானும் பார்த்தேன், ஒத்துக்கறேன், ஹி ஹி.

வாரக்கடைசில கமல் வருவார். "நான் அப்படிச் சொல்லவே இல்லை"ன்னு யாராவது சாதிச்சா, ஒரு குறும்படம் போட்டுக் காட்டுவார். சாதிச்சவங்க முகம் போற போக்கு இருக்கே! அப்படி ஒரு நாள் சித்தி கேட்டது: "ஏண்டா, இதுல ஒரு கேமராவைக் கொண்டுபோய் அந்த ஆபீஸ்ல வைக்க மாட்டாங்களா?"

அந்த ஆபீஸ்னா வாரிசு சான்றிதழுக்கு நாங்க ஆறு தடவை அலைஞ்ச இடம். ஒரு நாள் "சார் கேம்ப் போயிருக்கார்". இன்னொரு நாள் "ஃபைல் மேல போயிருக்கு". அடுத்த தடவை போனா, "அப்படி யார் சொன்னா?" குறும்படம் இருந்தா சொல்லலாம் யார் சொன்னான்னு.

எங்க ஊர்ல பாடு முறைன்னு ஒண்ணு உண்டு. பழவேற்காடு ஏரில யார், எந்த இடத்துல, எப்ப வலை கட்டலாம்னு ஊர் கூடி முறை வச்சுப் பிரிச்சுக்கறது. பாடு இல்லாத ஜனங்களுக்கு அதுல இடமில்லைங்கிற பெரிய குறை உண்டு, மறைக்கலை. ஆனா எல்லார் முன்னாடியும் சொன்ன முறையை மறுநாள் யாராலயும் மாத்திச் சொல்ல முடியாது. அத்தனை கண்ணு சாட்சி.

சரி, மேட்டருக்கு வர்றேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லேயே வந்தது. 10 ரூபா கட்டணம், 30 நாள் கெடு. காரணமில்லாம இழுத்தடிச்சா அந்த அலுவலருக்கே நாளுக்கு 250 ரூபா, அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போடலாம். ஏழாவது தடவை நடக்கறதுக்குப் பதிலா ஒரு மனு எழுதினேன்: எங்க ஃபைல் எந்தத் தேதிலேர்ந்து யார் மேசையில இருக்கு? அவ்வளவுதான் கேள்வி.

இருபதாம் நாள் சான்றிதழ் வந்துருச்சு. கேள்விக்குப் பதில் மட்டும் வரவே இல்லை. மேல்முறையீடு பண்ணியிருக்கலாம். பண்ணலை. நம்ம வேலைதான் முடிஞ்சிருச்சே!

இன்னொண்ணும் சொல்லிடறேன். மூணாவது தடவை போனப்ப, வாசல்ல நின்ன ஒருத்தர் கையில 500 ரூபா வச்சேன். சித்திக்குத் தெரியாது. 2018ல ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, கொடுக்கறவனுக்கும் 7 வருஷம் வரை ஜெயில்னு ஆக்கிட்டாங்க. கட்டாயப்படுத்தி வாங்கினா 7 நாளுக்குள்ள புகார் கொடுத்துடணும், அப்பதான் தப்பிக்கலாம். என்னை யாரும் கட்டாயப்படுத்தலை. அவர் கேட்கக்கூட இல்லை. நானாத்தான் நீட்டினேன். கேமரா இருந்திருந்தா குறும்படத்துல முதல் ஷாட்டே நான்தான்.

கமல் போய் 2024லேர்ந்து விஜய் சேதுபதி வந்துட்டார். சித்தி இன்னும் விடறதில்லை. "அந்த ஆபீஸ்ல கேமரா வச்சுட்டாங்களாடா?"

நான் ரிமோட்டைத் தேட ஆரம்பிச்சுடுவேன்.